கொசுவின் வயிற்றில் கிடைத்த விடை: ரொனால்ட் ராஸ்

கொசு கடித்தால் என்ன செய்வீங்க? கொஞ்சம் சொறிஞ்சுட்டு மறந்துடுவீங்க, இல்லையா? ஆனால் உலகில் பல நாடுகளில் ஒரே ஒரு கொசுக்கடி ஒரு குழந்தையின் உயிரையே எடுத்துவிடும். அந்தக் கொசு கொண்டுவரும் நோயின் பெயர் மலேரியா.

அந்தக் காலத்தில், சதுப்பு நிலத்தில் இருந்து வரும் கெட்ட காற்றால்தான் இந்தக் காய்ச்சல் வருது என்று மக்கள் நம்பினார்கள். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள்! குற்றவாளி காற்று இல்லை, கொசுதான் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ரொனால்ட் ராஸ்.

ராஸ் 1857-ல் இந்தியாவில், இமயமலைப் பக்கம் இருக்கும் அல்மோராவில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. எட்டு வயதில் ராஸைப் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவருக்குக் கவிதை, ஓவியம், இசை எல்லாம் ரொம்பப் பிடிக்கும். மருத்துவம் மட்டும் பிடிக்கவில்லை! அப்பாவின் விருப்பத்துக்காகத்தான் அதைப் படித்தார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தார்.

1880-ல் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்திருந்தார். ஒட்டுண்ணி என்றால் என்ன தெரியுமா? வேறோர் உயிரின் உடம்பில் ஒட்டிக்கொண்டு, அதன் சத்தை எடுத்து வாழும் உயிர். சரி, அது மனிதனின் ரத்தத்துக்குள் எப்படிப் போச்சு? யாருக்கும் தெரியவில்லை.

1894-ல் ராஸ் லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவரைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடம்பில் வளர்வதை முன்பே கண்டுபிடித்தவர் அவர். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்கலாம் என்று மேன்சன் நினைத்தார். அதைத் தேடிப் பார்க்க ராஸ் இந்தியாவுக்குத் திரும்பினார்.

செகந்திராபாத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. பயங்கர வெயில். விசிறி போட்டால் கொசுக்கள் பறந்துவிடும். அதனால் விசிறியும் கிடையாது! வியர்வை கொட்டி நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. ராஸ் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். ஒண்ணுமே கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? அவர் பார்த்தது எல்லாம் வேறு வகைக் கொசுக்கள். மலேரியாவைச் சுமக்காத கொசுக்களில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1897-ல் நீலகிரியில் சீகூர் பக்கம் போனபோது அவருக்கே மலேரியா வந்துவிட்டது! குணமானதும் திரும்பவும் வேலையில் உட்கார்ந்தார்.

அந்த ஆகஸ்டில், இறக்கையில் புள்ளி உள்ள புது வகைக் கொசுக்கள் அவருக்குக் கிடைத்தன. உசேன் கான் என்ற மலேரியா நோயாளி, அந்தக் கொசுக்கள் தன்னைக் கடிக்கச் சம்மதித்தார். ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. ஆகஸ்ட் 20 அன்று ராஸ் அவற்றில் ஒரு கொசுவின் வயிற்றை நுண்ணோக்கியில் பார்த்தார். வயிற்றுச் சுவரில் வட்ட வட்டமான செல்கள்! அவற்றுக்குள் கருப்புத் துகள்கள். மலேரியா ஒட்டுண்ணியில் இருக்கும் அதே துகள்கள்தான். மறுநாள் இன்னொரு கொசுவில் அந்தச் செல்கள் இன்னும் பெரிதாக இருந்தன. அப்படீன்னா ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளர்கிறது!

ஆனால் வேலை முடியவில்லை. அவரை மலேரியா இல்லாத ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். 1898-ல் கல்கத்தாவுக்கு வந்தபோதும் ஆராய்ச்சிக்குப் போதுமான நோயாளிகள் கிடைக்கவில்லை. ராஸ் என்ன செய்தார்? பறவைகளிடம் போனார்! பறவைகளுக்கும் ஒரு வகை மலேரியா வரும். உதவியாளர் முகமது பக்ஸுடன் சேர்ந்து, சிட்டுக்குருவிகளை வைத்து ஆராய்ந்தார். ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றில் இருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகிறது, கடிக்கும்போது அடுத்த பறவைக்குள் இறங்குகிறது என்று காட்டினார். அதே ஆண்டு, மனிதர்களுக்கும் இப்படித்தான் பரவுகிறது என்று கிராஸி முதலிய இத்தாலிய அறிவியலாளர்கள் காட்டினார்கள். யார் முதலில் என்று ராஸும் கிராஸியும் பல வருஷம் சண்டை போட்டார்கள். பெரியவர்களும் சண்டை போடுவாங்க, பாருங்க!

1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொசுவை ஒழிக்க, தேங்கிய தண்ணீரை ஒழிக்க வேண்டும் என்று பல நாடுகளுக்குப் போய்ச் சொன்னார். 1932-ல் லண்டனில் இறந்தார். நோபல் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. கொசுக்கடியைத் தாங்கிய உசேன் கானின் பெயர் அதில் இல்லை. ஆனால் உங்களுக்கு இப்போது அவரையும் தெரியும்.

மலேரியா இன்னும் ஒழியவில்லை. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சின்னக் குழந்தைகள். ஆனால் ஒழிக்க முடியும்! 2016-ல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கொசு எங்கே பிறக்கிறது என்று தெரிந்ததும் இதற்கு உதவியது.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். அன்றைக்கு உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பூந்தொட்டித் தட்டில், பழைய வாளியில் தண்ணீர் தேங்கி இருக்கிறதா? கவிழ்த்துவிடுங்கள்!

புதிய சொற்கள்
ஒட்டுண்ணி – வேறோர் உயிரின் உடம்பில் வாழ்ந்து, அதன் சத்தை எடுக்கும் உயிர்
நுண்ணோக்கி – மிகச் சிறியதைப் பெரிதாகக் காட்டும் கருவி
அணா – பழைய நாணயம். 16 அணா ஒரு ரூபாய்

யோசித்துச் சொல்லுங்கள்
1. ராஸுக்கு முதலில் ஏன் எதுவும் கிடைக்கவில்லை?
2. அவர் ஏன் பறவைகளை வைத்து ஆராய்ந்தார்?
3. உசேன் கானுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் என்ன எழுதுவீங்க?