சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை

மழை வந்தா நாளைக்கு லீவானு டி.வி. முன்னாடி உட்காருவோம். அந்த மழையைக் கணிக்க சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும். அதன் தந்தை எனப்படுபவர் சீமோர் கிரே. 1925-ல் அமெரிக்காவில் சிப்பேவா ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார்.

1964-ல் வந்த இவரது சி.டி.சி. 6600 அப்போது உலகிலேயே வேகமானது. கணக்குப் போட ஒரு பெரிய பிராசசர். கார்டு படிக்க, பிரிண்டருக்கு அனுப்ப 10 சின்ன பிராசசர்கள். கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் அடுப்பை விட்டு நகர மாட்டார், காய் நறுக்க வேறு ஆள் இருப்பாங்க இல்லையா, அது மாதிரி. ஆனா காய் வர லேட்டானா அடுப்பு சும்மா எரியும். யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பதும் பெரிய தலைவலி.

1972-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அதன் எக்ஸ்-எம்.பி. மெஷின்தான் 1989-ல் டெல்லியில் நம்ம பருவமழையைக் கணிக்க வந்தது.

ஆயிரக்கணக்கில் சின்ன பிராசசர்களைச் சேர்க்கலாம் என்று மற்றவர்கள் கிளம்பியபோது கிரே ஒத்துக்கொள்ளவில்லை. அவரது அடுத்த கம்பெனி 1995-ல் திவாலானது. பாவம்! 1996-ல் மனம் மாறி, பல பிராசசர் மெஷினுக்காகவே புதுக் கம்பெனி தொடங்கினார். அதே ஆண்டு கார் விபத்தில் அடிபட்டு, அக்டோபர் 5-ல் இறந்தார்.

2022-ல் உலகில் முதலிடம் பிடித்த ஃபிரான்டியர், கிரே பெயர் தாங்கிய மெஷின். அதில் சி.பி.யு. 9,000-க்கு மேல், ஒரே மாதிரி கணக்குகளைக் கூட்டமாகப் போடும் ஜி.பி.யு. 37,000-க்கு மேல். எனக்கென்னவோ அது 6600-ன் பேத்தி மாதிரிதான் தெரியுது.