சொல்லும் சோறும்: திருச்சிராப்பள்ளியில் சுவார்ட்சு ஐயர்

தமிழுக்கு வந்த ஐரோப்பியரை எண்ணும்போது வீரமாமுனிவரும் கால்டுவெல்லும் போப்பும் உடனே நினைவுக்கு வருவர். கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு அவ்வரிசையில் பின்னே நிற்பார். அவர் காப்பியம் பாடவில்லை, அகராதி தொகுக்கவில்லை. அவரது தமிழ் ஏட்டில் நின்றதன்று, நாவில் நின்றது. நூல் செய்தாரை மட்டுமே போற்றும் நம் வழக்கம் பேசியே வாழ்ந்தாரை மறந்துவிடுகிறது.

1726இல் பிரசிய நாட்டில் பிறந்தவர். ஆலே நகரில் பயின்றபோது, அங்கு அச்சிட எண்ணிய தமிழ் விவிலியத்தின் படிதிருத்தும் பணிக்காகத் தமிழ் கற்றார். அச்சுவேலை நின்றுபோயிற்று; கற்ற மொழியோ அவரைக் கப்பலேற்றியது. 1750இல் தரங்கம்பாடி வந்தவர், சில மாதங்களிலேயே தமிழில் சொற்பொழிவாற்றினார். பள்ளியின் மிகச் சிறிய பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்தம் மழலைக்கு ஈடாகத் தாமும் திக்கித் திக்கிப் பேசிப் பழகினார். பிழைபட நாணாமையே மொழி கற்பார்க்கு முதற்பாடம் போலும்! பின்னர் ஐந்தாண்டுகளைத் தமிழர்தம் புராண நூல்களைப் படிப்பதிலேயே செலவிட்டார். எதிரே நிற்பவரின் நெஞ்சறியாமல் அவரோடு உரையாடப் புகுவது வீண் என அவர் கருதினார்.

1762இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். மலைக்கோட்டையைச் சூழ நவாபின் அரசவையும் ஆங்கிலப் படையும்; காவிரிக்கு அப்பால், 1987இல்தான் நிறைவுற்ற திருவரங்கத்துப் பெருங்கோபுரம் அன்று மொட்டைக் கோபுரமாக நின்றது. ஓரூருக்குள் பல மொழிகள். அரசவையினர்க்காகப் பாரசீகமும் இந்துஸ்தானியும், படைவீரர்க்காக ஆங்கிலமும் பயின்றார். தஞ்சைக்காக மராட்டியும் பின்னர்ச் சேர்ந்தது. 1766இல் கோட்டைக்குள் அவர் முயற்சியால் கிறித்து ஆலயம் எழுந்தது.

தாமும் தம் கட்டிலும் மட்டுமே அடங்கும் சிற்றறை. மாதம் பத்து வராகன் வருவாய். ஊரார் சமைக்கும் முறையில் ஆக்கிய சோறும் காய்கறியும். கறுப்புச் சாயமிட்ட பருத்தியுடை. வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் ஐரோப்பியர் பலர் விரைவில் இரையான காலத்தில், தாயகம் திரும்பாமல் ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். உணவொன்றே காரணம் எனல் மிகையாகும். ஆயினும் மண்ணோடு பிணங்காத வாழ்வு உடலுக்கும் துணைநின்றிருக்கும். 1826 ஏப்ரல் 3 அன்று இதே ஆலயத்தில் காலை வழிபாட்டை நடத்திவிட்டுத் திரும்பிய ஈபர் பேராயர், வெம்மை தணியக் குளிர்நீரில் இறங்கி அங்கேயே உயிர்நீத்தார். அவருக்கு வயது 42.

1779இல் ஆங்கிலேயர் சுவார்ட்சைச் சீரங்கப்பட்டணத்துக்குத் தூதனுப்பினர். சென்னைத் தூதர் எவரையும் நம்பாத ஐதர் அலி, இவர் ஒருவரை மட்டும் நம்பி வரவேற்றார். வழிச்செலவுக்கென அவர் அளித்த முந்நூறு ரூபாயைச் சுவார்ட்சு தமக்கென வைத்துக்கொள்ளாது தஞ்சை ஆதரவற்றோர் பள்ளிக்கு ஆக்கினார். தூது பலிக்கவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. ஆனால் அப்போரிலும் இப்பாதிரியாரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு ஐதர் தம் அலுவலர்க்கு ஆணையிட்டிருந்தார்.

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டையில் மக்கள் பசியால் மடிந்தனர். சிற்றூர்களில் நெல் இருந்தது. விலை கிடைக்கும் என்னும் நம்பிக்கை இல்லாமையால் உழவர் அதனைக் கொணர மறுத்தனர். அரசர் துளசாவின் சொல் எடுபடாத இடத்தில் சுவார்ட்சு தம் சொல்லைப் பிணையாக வைத்தார். ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. உழவர்க்குரிய விலையை அவரே முன்னின்று கொடுத்து அனுப்பினார்.

1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் மறைந்தார். அவரது அரவணைப்பில் வளர்ந்த சரபோசி மன்னர், இலண்டன் சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் நினைவுச்சின்னம் தஞ்சை ஆலயத்தில் உள்ளது. இறுதிப் படுக்கையில் கிடப்பவரின் கையை மன்னர் பற்றியிருப்பதாக அதில் செதுக்கப்பட்டிருக்கிறது.