பாதியில் விடைபெறும் மாணவருக்கும் ஒரு பாடநூல்

ஆயுள் காப்பீட்டுப் பாலிசியைத் தொடர முடியாமல் இடையில் நிறுத்துபவருக்கு, அதுவரை கட்டிய தவணைகளுக்கு ஈடாக ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். அதனைச் சரண் மதிப்பு என்பர். கல்விக்கும் அத்தகைய மதிப்பு ஒன்று உண்டு என்றும், ஒரு பாடத்திட்டத்தை அதனைக் கொண்டே எடைபோட வேண்டும் என்றும் நூறாண்டுகளுக்கு முன்பே சொன்னவர் மைக்கேல் வெஸ்ட்.

1888-இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற வெஸ்ட், 1912-இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார். வங்கச் சிறுவர்கள் ஆங்கிலம் கற்கும் முறையைக் கண்டு அவர் கவலை கொண்டது அங்கேதான்.

அன்றைய பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு மிகுந்த நேரம் செலவிடப்பட்டது. ஆனால், பள்ளியில் சேர்ந்த அனைவரும் இறுதி வகுப்பை எட்டவில்லை. வறுமையாலோ, வயல் வேலையாலோ பெரும்பாலோர் இடையிலேயே விலகினர். பாடத்திட்டமோ கடைசிப் படியில் நிற்கும் சிலரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருந்தது. இரண்டு, மூன்று ஆண்டுகள் படித்து விலகிய சிறுவனின் கையில் சில எழுத்துகளும் உச்சரிப்புகளும் மட்டுமே மிஞ்சின. போட்ட முதல் முழுவதும் வீணாயிற்று. இந்த இழப்பைத்தான் வெஸ்ட் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

ஐரோப்பாவின் சீர்திருத்தவாதிகள் அக்காலத்தில் பேச்சையே முதன்மையாகக் கொண்ட நேரடி முறையைப் போற்றினர். வெஸ்ட் அதற்கு மாறாக வாசிப்பை முன்னிறுத்தினார். வங்கக் கிராமத்துச் சிறுவனுக்கு ஆங்கிலத்தில் பேச வீட்டிலும் தெருவிலும் எவரும் இல்லை. பேசாத மொழி விரைவில் மறந்துபோகும். வாசிப்புக்குத் துணை தேவையில்லை. பள்ளியை விட்ட பிறகும் அது தனியே வளரும். அறிவியலும் தொழில்நுட்பமும் அன்று பெரிதும் ஆங்கில நூல்களிலேயே கிடைத்தன என்பதும் அவர் கருத்தில் இருந்தது.

அப்படியானால் எதை வாசிக்கக் கொடுப்பது? நடைமுறையில் இருந்த வாசிப்பு நூல்களை அவர் ஆராய்ந்தார். இரண்டு குறைகள் தென்பட்டன. வழக்கொழிந்த சொற்களும் இலக்கியச் சொற்களும் மிகுந்து, அன்றாடச் சொற்கள் குறைந்திருந்தன. மேலும், புதிய சொற்கள் வரிக்கு வரி வந்து குவிந்தன. ஒரு சொல் மனத்தில் பதியும் முன்பே அடுத்தது வந்து நின்றது. அகராதியைப் புரட்டுவதிலேயே சிறுவனின் நேரம் கழிந்தது. கதை கைநழுவிப் போனது.

இதற்கு அவர் கண்ட தீர்வு எளியது. மிகுதியாகப் பயன்படும் சொற்களை முதலில் தருவது. புதிய சொற்களைப் பரவலாகத் தூவி, ஒவ்வொன்றையும் மீண்டும் மீண்டும் வரச் செய்வது. தெரிந்த சில நூறு சொற்களைக் கொண்டே சுவையான கதையைச் சொல்வது. இரண்டாம் ஆண்டில் விலகும் சிறுவனும் ஒரு கதைநூலைத் தானே படித்து முடித்த நிறைவோடு போக வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

தம் சோதனைகளையும் முடிவுகளையும் அவர் 1926-இல் வங்காளத்தின் இருமொழிச் சூழல் குறித்த அறிக்கையாக வெளியிட்டார். அதனை ஒட்டி லாங்மன்ஸ் நிறுவனத்தின் வழியே வந்த 'நியூ மெத்தட்' வாசிப்பு நூல்கள் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் வகுப்பறைகளைச் சென்றடைந்தன.

வெஸ்ட் அத்துடன் ஓயவில்லை. எண்டிகாட் என்பவருடன் இணைந்து 1935-இல் ஓர் அகராதியை வெளியிட்டார். கடினச் சொல்லை அதனினும் கடினமான சொற்களால் விளக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, 1,490 சொற்களைக் கொண்டே அனைத்தையும் விளக்கியது அந்நூல். மாணவருக்கான இன்றைய ஆங்கில அகராதிகள் அந்த வழியில் வந்தவையே.

1934-இல் நியூயார்க்கில் கார்னகி அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த மாநாட்டில், ஜப்பானில் பணியாற்றிய ஹெரால்டு பாமர் உள்ளிட்டோருடன் சொல் தேர்வு குறித்து அவர் விவாதித்தார். அப்பணியின் கனியாக 1953-இல் வெளியானது, சுமார் 2,000 சொற்கள் கொண்ட அவரது பொதுப்பயன் சொற்பட்டியல். ஒரு சொல்லின் பல பொருள்களில் எது எவ்வளவு வழங்குகிறது என்பதையும் அது காட்டியது.

வெஸ்டின் கருத்துகள் குறையற்றவை அல்ல. பேச்சுக்கு அவர் உரிய இடம் தரவில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. ஏகாதிபத்திய அரசின் அலுவலராக இருந்த அவர், அச்சிறுவன் ஏன் ஆங்கிலத்தின் வழியே அறிவைப் பெற வேண்டும் என்ற கேள்வியைவிட, அதை எப்படிப் பெறுவது என்பதிலேயே அதிகம் உழைத்தார். எனினும், நெரிசலான வகுப்பறையையும் வசதியற்ற பள்ளியையும் அவர் மறக்கவில்லை. 1960-இல், ஓய்வுக் காலத்திலும், இடர்மிகு சூழலில் ஆங்கிலம் கற்பிப்பது குறித்தே நூல் எழுதினார். 1973-இல் மறைந்தார்.

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் பாடநூலின் ஒரு பக்கத்தைத் தனியே படிக்கத் தயங்கிய மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் கண்டேன். அறிவில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களின் தகுதிக்கேற்ற நூல் உரிய வயதில் கைக்கு வரவில்லை; அவ்வளவுதான்.

பாடநூலைத் தேர்ந்தெடுப்போர், முதல் மதிப்பெண் பெறுபவருக்கு அது போதுமானதா என்றே பார்க்கின்றனர். நாளையே பள்ளியை விட்டு நிற்கப்போகும் குழந்தைக்கு அது எதைத் தந்து அனுப்புகிறது என்பதே வெஸ்ட் விட்டுச் சென்ற கேள்வி. அக்கேள்விக்கு விடை சொல்ல முடியாத நூல், எத்தனை வண்ணப் படங்களுடன் வந்தாலும் நல்ல பாடநூல் ஆகாது.