இஷியின் அம்புகள்

பழைய வேட்டை அம்பு ஒண்ணு கைக்கு வந்தா, அது யார் செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? முனையைப் பாருங்க. இஷி கதை அப்படித்தான் மாறுச்சு.

1911 ஆகஸ்ட்ல, கலிபோர்னியாவின் ஓரோவில் ஊர் பக்கத்துல பசியோட ஒருத்தர் வந்து நின்னார். குடியேறிகள் கொன்று தீர்த்த யாஹி பழங்குடியின் கடைசி ஆள். பேரைச் சொல்லவே இல்லை. மானிடவியலாளர் க்ரோபர், அவங்க மொழியில 'மனிதன்'னு அர்த்தம் வர்ற 'இஷி'ங்கிற பேரை வெச்சார்.

சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகமே அவருக்கு வீடாச்சு. அங்கே வர்றவங்க முன்னாடி அம்பு செய்வார். குச்சியைச் சூடாக்கி நேராக்கி, இறகு கட்டி, பாட்டில் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமா அழுத்திச் சில்லு எடுத்து முனை செதுக்குவார். (நமக்கு லேத் மெஷின் இருந்தும் அந்த ஃபினிஷிங் வராது!) டாக்டர் சாக்ஸ்டன் போப் அவர்கிட்ட வில்வித்தை கத்துக்கிட்டு 1923-ல் புத்தகமே போட்டார். அதைப் பார்க்க இஷி இல்லை. 1916 மார்ச்சிலேயே காசநோயில் இறந்துட்டார்.

1990-களில் தொல்லியலாளர் ஸ்டீவன் ஷாக்லி அந்த முனைகளை அளந்தார். இஷியோடது நீளம், ஒடுக்கம். பழைய யாஹி இடங்களில் கிடைச்சதோ குட்டை, அகலம். பக்கத்து விண்டு, நோம்லாக்கி மக்களோட முனைகளுக்குத்தான் இஷியோடது பொருந்துச்சு. யாஹிக்கும் அவங்களுக்கும் ஆகாது. அப்போ இஷிக்குக் கத்துக்கொடுத்தது அவங்கள்ல ஒருத்தரா? அவரோட உறவினராவே இருக்கலாம்ங்கிறது ஷாக்லியோட ஊகம்.