சித்திரத்தால் உயிரைப் போற்றியவர்

சென்ற தவணையில் மணிமேகலைப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளை, கடைசி வாங்கிலிருந்த மாணாக்கனொருவன் மடியில் மறைத்துவைத்துப் படித்த நூலொன்றைப் பறித்தெடுத்தேன். ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்ட யப்பானியச் சித்திரக்கதை அது. ‘மங்கா’ என்பது அவர்கள் வழங்கும் பெயர். சித்திரக்கதை என்றதும் முகஞ்சுளிப்பது எம்போன்ற பண்டிதர்க்கு இயல்பு. கண்டிக்கும் நோக்குடனேயே அதனைப் புரட்டினேன். கதைத்தலைவர் புத்தர்பெருமான் என்று கண்டதும் வியப்புற்றேன். அன்றிரவே முழுவதையும் படித்து முடித்தேன். அதனை வரைந்தவர் ஒசாமு தெசுக்கா. அவரது வரலாற்றைத் தேடிக் கற்றபோது, என் முகச்சுளிப்பும் பழையதொன்றே என்பதை உணர்ந்தேன்.

தெசுக்கா 1928 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் திகதி ஒசாக்கா மாநிலத்துத் தொயோநாக்காவிற் பிறந்து, தக்கராசுக்கா நகரில் வளர்ந்தார். பெண்களே எல்லாப் பாத்திரங்களையும் ஏற்று நடிக்கும் இசைநாடக அரங்கொன்றாற் பேர்பெற்ற நகர் அது. தாயார் அவரை அவ்வரங்குக்கு அழைத்துச் செல்வார். தந்தையாரோ வீட்டிலேயே படங்காட்டுங் கருவி வைத்திருந்தார். இவ்வாறு நாடகமும் திரைப்படமும் இளமையிலேயே அவருள்ளத்திற் குடிகொண்டன. பூச்சிகளைத் தேடிச் சேர்ப்பதில் அவருக்கிருந்த ஆர்வம் பெரிது. பூச்சியைக் குறிக்கும் எழுத்தொன்றைத் தம் பெயரோடு கூட்டியே புனைபெயர் அமைத்துக்கொண்டார்.

1945 இல் அமெரிக்க விமானங்கள் ஒசாக்காமீது குண்டுமாரி பொழிந்தபோது, அவர் போர்த்தளவாடத் தொழிற்சாலையொன்றிற் பணிக்கப்பட்ட மாணவராயிருந்தார், அரிதில் உயிர்தப்பினார். அன்று கண்ட சாவு அவர் நெஞ்சைவிட்டு அகலவேயில்லை. உயிரின் அருமையே அவர் படைப்புக்களின் அடிப்பொருளாயமைந்தமைக்கு அதுவே முதற் காரணம் எனலாம்.

போர் முடிந்தபின் ஒசாக்காவில் மருத்துவம் பயின்றுகொண்டே, 1946 முதற் பத்திரிகைக்குச் சித்திரம் வரைந்தார். 1947 இல் வெளிவந்த ‘புதிய புதையல் தீவு’ அவர் பெயரை நாடறியச் செய்தது. விரைந்தோடும் காரொன்றை அண்மையிலும் சேய்மையிலுமாகப் பல கட்டங்களில் மாற்றி மாற்றிக் காட்டி, தாளிலே திரைப்படத்தின் ஓட்டத்தை அவர் வருவித்தார். வைத்தியமா, சித்திரமா என்று தடுமாறிய மகனை, எதனை மிக விரும்புகின்றாரோ அதனையே மேற்கொள்ளுமாறு தாயார் அறிவுறுத்தினார். 1952 இல் வைத்தியர் தேர்விற் சித்தியடைந்தும், அவர் கைக்கொண்டது எழுதுகோலையே.

அவ்வாண்டிலேதான் ‘தெத்சுவான் அட்டம்’ என்னுந் தொடர் தொடங்கியது. மகனை விபத்தில் இழந்த விஞ்ஞானி ஒருவர் அவனைப்போல் ஓர் இயந்திரச் சிறுவனை ஆக்குகின்றார்; அவன் வளராமை கண்டு வெறுத்து வித்தைக்கூடத்துக்கு விற்றுவிடுகின்றார். அணுச்சத்தியால் இயங்கும் அச்சிறுவனோ, தன்னைத் தள்ளிய மனிதர்க்கே துணைநிற்கின்றான். அணுக்குண்டால் அழிவுற்ற நாட்டிலே இத்தகைய பாத்திரம் தோன்றியமை சிந்தித்தற்குரியது. ஆயினும், 1955 அளவில் யப்பானியப் பெற்றோரும் ஆசிரியரும் சித்திரக்கதைகளைத் தீயநூல்கள் எனப் பழித்து இயக்கம் நடத்தியபோது, தெசுக்காவின் நூல்களும் அப்பழிக்குத் தப்பவில்லை. பழித்தவருட் பலர் அவற்றைப் படித்தறியாதவரே போலும்!

தாள்மேல் நின்ற உருவங்களை நடமாடச் செய்வது அவரது நெடுநாட் கனவு. தாமே நிறுவிய ‘முசி’ படநிலையத்தின் வாயிலாக, 1963 சனவரி 1 ஆம் திகதி முதல் அட்டம் கதையைத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வழங்கினார். இன்று ‘அனிமே’ என வழங்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வழிவகுத்தது இதுவே. வாரமொரு கதையை முடிக்க வேண்டியிருந்தமையால், சித்திரங்களின் தொகையைக் குறைத்தனர். வாயை மட்டும் அசைத்தனர். முன்பு வரைந்தவற்றையே மீண்டும் பயன்படுத்தினர். 1966 வரை 193 பகுதிகள் வெளிவந்தன. படங்களைச் செலவிற் குறைந்த விலைக்கு அவர் விற்றமை பின்வந்த தொழிலாளரின் ஊதியத்தையும் தாழ்த்திற்று என்று குறைகூறுவாருமுளர். அக்குறையை முற்றாகத் தள்ளுதல் இயலாது. பெருங்கலைஞர் தம் ஆர்வத்துக்காகத் தாங்கும் இழப்பு, பிறர் தோளிலும் சுமையாய் இறங்குதல் உண்டு.

1973 இல் அந்நிலையம் கடனில் மூழ்கிச் சரிந்தது. தெசுக்காவின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணிய அவ்வாண்டிலேயே ‘பிளாக் ஜாக்’ தொடரைத் தொடங்கினார். அனுமதிப்பத்திரமில்லாத சத்திரவைத்தியர் ஒருவரின் கதை அது. அவர் கைவிட்ட வைத்தியம், அவரது வீழ்ச்சிக் காலத்திலே கதையாய் வந்து கைகொடுத்தது. என் கைக்கு வந்த ‘புத்தர்’ 1972 முதல் 1983 வரை வரையப்பட்டது. அதிலே சித்தார்த்தரோடு திருடரும் அடிமைகளும் விலங்குகளும் ஒப்ப இடம்பெறுகின்றனர். எவ்வுயிரும் அற்பமென்று ஒதுக்கப்படவில்லை.

இரைப்பைப் புற்றுநோயால் நலிந்து மருத்துவமனையிற் கிடந்தபோதும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. 1989 பெப்ரவரி 9 ஆம் திகதி, 60 ஆம் வயதில், பல தொடர்கள் முற்றுப்பெறாதிருக்க உயிர்நீத்தார். அவர் வரைந்த பக்கங்கள் 1,50,000 அளவினவென்பர்.

பறித்த நூலை மாணாக்கனிடம் மீட்டுக் கொடுத்தேன். பாடவேளையில் படித்ததற்காகக் கண்டித்தேன். படித்த நூலுக்காகக் கண்டிக்கவில்லை. அடுத்த பாகம் அவனிடம் உண்டோவென்றும் வினவினேன்.