பாவலர் வரதராசன்

பாவலர் வரதராசன் (இறப்பு: 1973) தமிழகப் பொதுவுடைமை இயக்கத்தின் மேடைப் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். இசையமைப்பாளர் இளையராஜா, கங்கை அமரன், திரைப்படத் தயாரிப்பாளர் ஆர். டி. பாஸ்கர் ஆகியோரின் மூத்த சகோதரர். இன்று பலரும் அவரை இவ்வுறவு வழியாகவே அறிவர். 1950களிலும் 60களிலும் கம்பம் பள்ளத்தாக்கில் நிலைமை நேர்மாறாக இருந்தது.

பிறப்பும் சூழலும்

இவரது ஊர் பண்ணைப்புரம். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1996-இல் உருவான தேனி மாவட்டத்தில் தற்போது உள்ளது. கீழே நெல் வயல்கள், மேலே ஏலக்காய், தேயிலைத் தோட்டங்கள். இரண்டிலும் உழைத்தோர் பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். விடுதலை கிடைத்தும் கூலியும் நிலமும் மாறவில்லை என்ற ஏமாற்றமே இவர் பாடல்களின் அடிநாதம்.

பாடல் முறை

மக்கள் ஏற்கனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த திரைப்பாடல் மெட்டுகளிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும் புதிய சொற்களை ஏற்றிப் பாடுவது இவர் வழக்கம். மெட்டைக் கற்க வேண்டிய தேவை இல்லாததால், கூட்டம் கலையும்முன் பாட்டு கேட்டவர் வாயில் ஏறிவிடும். எழுத்தறிவு குறைந்திருந்த ஊர்களில் துண்டறிக்கையைவிட இது வலிமையானது. ஆர்மோனியமே முதன்மைக் கருவி. கோபத்தைக் காட்டிலும் கிண்டலே மிகுதி. அக்காலக் காங்கிரசின் சின்னமான இரட்டைக் காளைகள் இவரிடம் படாதபாடு பட்டன.

தேவிகுளம் இடைத்தேர்தல்

1957-இல் கேரளத்தில் அமைந்த ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அமைச்சரவையின் பெரும்பான்மை மிக மெலிதானது. 126 இடங்களில் பொதுவுடைமைக் கட்சி 60 இடங்களையே வென்றிருந்தது. சுயேச்சைகள் ஐவர் ஆதரவளித்தனர். இந்நிலையில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூசின் வெற்றி செல்லாது என அறிவிக்கப்பட்டு, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. வாக்காளர்களில் கணிசமானோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களிடம் மலையாள மேடைப்பேச்சு எவ்வளவு தூரம் செல்லும்? மலைக்கு மேற்கே சென்று அவர்கள் மொழியில் பாடினார் பாவலர். ரோசம்மா மீண்டும் வென்றார். வெற்றியில் பாவலருக்குப் பெரும்பங்கு உண்டென ஈ. எம். எஸ். பாராட்டியதாகக் கூறப்படுகிறது. வாக்குகளைப் பாட்டுக்கு எவ்வளவு, கட்சிப் பணிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிட முடியாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

பாவலர் சகோதரர்கள்

தம்பிகளும் குழுவில் சேர்ந்தனர். இளையராஜா தம் 14-ஆம் வயதில் இணைந்து, குரல் உடையும்வரை பெண்குரலில் பாடினார். 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில் தென்னிந்தியா முழுவதும் கச்சேரிகள் நடந்தன. புகழுக்கு ஏற்ற வருவாய் இல்லை. 1960களின் இறுதியில் தம்பிகள் திரைவாய்ப்புத் தேடிச் சென்னை சென்றனர்.

மறைவும் பின்னரும்

தம்பிக்குப் புகழ் தந்த அன்னக்கிளி (1976) வெளிவரும் முன்பே, 1973-இல் பாவலர் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், சிலி நாட்டில் எசுப்பானிய மொழியில் உழைப்பாளர் துயரைப் பாடிய விக்தோர் காரா, இராணுவப் புரட்சியை அடுத்துக் கொல்லப்பட்டார். காராவின் குரல் இசைத்தட்டுகளில் உலகெங்கும் ஒலிக்கிறது. பாவலரோ இசைத்தட்டுக்காக அன்றி மேடைக்காகவே பாடியவர். பாடிய மேடையோடு குரலும் போயிற்று. அலைகள் ஓய்வதில்லை (1981) முதலிய படங்களைத் தயாரித்த 'பாவலர் கிரியேஷன்ஸ்' நிறுவனம் இவர் பெயரைத் தாங்கியது.