விமானங்களைக் காப்பாற்றிய ஃபுஜிடா

விமானத்தில் போறவங்க ரொம்பப் பயப்படுறது நடுவானத்துக் குலுக்கலுக்குத்தான். ஆனா விமானிகள் அதைவிடப் பயப்படுற காற்று ஒன்று உண்டு. அது தரைக்குப் பக்கத்தில், இறங்கும் நேரத்திலும் ஏறும் நேரத்திலும் வரும். அந்தக் காற்றைக் கண்டுபிடித்துச் சொன்னவரின் கதை இது.

அவர் பெயர் டெட்சுயா ஃபுஜிடா. ஜப்பானில் கியூஷு தீவில் 1920 அக்டோபர் 23 அன்று பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். கல்லூரிக்குப் போகும் வயதில் ஃபுஜிடாவுக்கு ஹிரோஷிமாவில் படிக்க ஆசை. அப்பா கேட்கவில்லை, ஊருக்குப் பக்கத்தில் இருந்த மெய்ஜி கல்லூரியிலேயே சேரச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் அப்பாவும் இறந்துபோனார். அப்பா பேச்சைக் கேட்டதால்தான் உயிர் தப்பினேன் என்று பிற்காலத்தில் ஃபுஜிடா நினைத்துக்கொள்வாராம். ஏன்னா 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் என்ன நடந்ததுன்னு நமக்கெல்லாம் தெரியும்.

இன்னொரு தடவையும் தப்பினார். ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது குண்டைப் போட முதலில் குறித்திருந்த ஊர் கொக்குரா. ஃபுஜிடா அதற்குச் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தார். அன்று மேகமும் புகையும் ஊரை மறைத்துவிட்டதால் விமானம் நாகசாகிக்குத் திரும்பிவிட்டது. சில வாரம் கழித்து அவரே நாகசாகிக்கு ஆராயப் போனார். அங்கே மரங்கள் எல்லாம் ஒரே திசையில் சாயவில்லை. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே பார்த்துச் சாய்ந்து, நட்சத்திரம் வரைந்த மாதிரி கிடந்தன. மேலிருந்து அடித்த வேகம் தரையில் மோதிச் சிதறினால் இப்படித்தான் இருக்கும். இந்தப் படம் அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1947இல் ஒரு மலை மேல் இருந்த வானிலை நிலையத்தில் இடிமழையை ஆராய்ந்தார். மழை மேகத்துக்குள் காற்று மேலே மட்டும் போவதில்லை, கீழேயும் இறங்கிவருது என்று கண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதே மலையில் இருந்த அமெரிக்க ரேடார் நிலையத்தின் குப்பைக் கூடையிலிருந்து, சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோரஸ் பையர்ஸ் எழுதிய அறிக்கை ஒன்று அவர் கைக்கு வந்தது. பார்த்தால் அதுவும் இடிமழை பற்றித்தான்! உடனே ஒரு டைப்ரைட்டர் வாங்கி, தன் கட்டுரையை இங்கிலீஷில் தட்டி அவருக்கு அனுப்பினார். பையர்ஸுக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் எத்தனையோ விமானங்களை வைத்துக் கண்டதில் ஒரு பகுதியை இந்த மனுஷன் மலை மேல் தனியாகவே கண்டுபிடித்திருக்கிறாரே என்று 1953இல் சிகாகோவுக்கு அழைத்துக்கொண்டார்.

அங்கே சூறாவளிச் சுழலான டொர்னாடோவை ஆராய்ந்து பேர் வாங்கினார். அதன் பலத்தை அளக்க 1971இல் அவர் தந்த அளவுகோல்தான் எஃப் ஸ்கேல். எஃப் என்றால் ஃபுஜிடாதான். 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் இரண்டே நாளில் 148 டொர்னாடோ வந்தது. விமானத்தில் பறந்து சேதத்தைப் பார்த்தவருக்குச் சில காடுகளில் மரங்கள் சுழன்று விழாமல் நட்சத்திரம் மாதிரி விழுந்து கிடப்பது கண்ணில் பட்டது. நாகசாகி!

அடுத்த வருஷம், 1975 ஜூன் 24. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இடிமழை. இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 66 என்ற போயிங் 727, ஓடுபாதைக்கு முன்னால் இருந்த விளக்குத் தூண்களில் மோதி நொறுங்கியது. அதில் இருந்த 124 பேரில் 110 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில நிமிஷம் முன்னால் வந்த விமானங்களில் சில ஒழுங்காகவே இறங்கின. ஒன்று தடுமாறி இறங்கியது, இன்னொன்று இறங்காமலே திரும்ப மேலேறியது. ஒரே பாதை, ஒரே மழை, எப்படி இப்படி?

ஃபுஜிடா சொன்ன பதில் இதுதான். மேகத்திலிருந்து ஒரு காற்றுத் தூண் கீழே கொட்டுது. நாலு கிலோமீட்டருக்கும் குறைவான அகலம், சில நிமிஷமே ஆயுள். அதனால் ஒருத்தர் மாட்டுவார், பின்னால் வர்றவர் தப்பிப்பார். இதற்கு மைக்ரோபர்ஸ்ட் என்று பெயர் வைத்தார். சிமெண்ட் தரையில் ஒரு குடம் தண்ணியைக் கவிழ்த்துப் பாருங்க, எல்லாப் பக்கமும் சிதறி ஓடும். காற்றும் அப்படித்தான்.

விமானம் அதற்குள் போகும்போது முதலில் எதிர்க்காற்று. இறக்கை மேல் ஓடுகிற காற்று கூடுவதால் விமானம் மேலே தூக்கும். விமானி வேகம் அதிகமாச்சுன்னு இன்ஜினைக் குறைப்பார். அங்கேதான் ஏமாற்று வேலை! அடுத்த நொடிகளில் மேலிருந்து கீழே அமுக்கும், அதைத் தாண்டினால் பின்காற்று. இறக்கைக்குத் தாங்கும் சக்தி போயிடும். இன்ஜின் மறுபடி வேகம் எடுப்பதற்குள் தரை வந்துவிடும். சின்ன தூரத்துக்குள் காற்று இப்படி மாறுவதைத்தான் விண்ட் ஷியர் என்கிறார்கள்.

பல விஞ்ஞானிகள் இதை நம்பவில்லை. கீழே வரும் காற்று தரையைத் தொடுமுன் வலுவிழந்துவிடும் என்று வாதாடினார்கள். நேரில் சண்டை போட ஃபுஜிடாவுக்குப் பிடிக்காது. 1978இல் சிகாகோ பக்கம் ரேடார்களை வைத்துக் காத்திருந்து, மைக்ரோபர்ஸ்டைப் பிடித்தே காட்டினார். 1982இல் டென்வரில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு மேல் கிடைத்தன. அதே 1982இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே பான் ஆம் விமானம் விழுந்து 153 பேர், 1985இல் டல்லாஸில் டெல்டா விமானம் விழுந்து 137 பேர். இரண்டுக்கும் இதே காற்றுதான் காரணம். கண்டுபிடித்த பிறகும் இத்தனை உயிர் போனதை நினைச்சா எனக்கு வருத்தமா இருக்கு.

அதன் பிறகுதான் விமானிகளுக்குப் பயிற்சி தீவிரமானது. முதல் பாடமே உள்ளே போகாதே என்பது. இடிமேகம், தரையை எட்டாமல் தொங்கும் மழைத்திரை, தரையில் வட்டமாக எழும் புழுதி, முன்னால் இறங்கிய விமானி ரேடியோவில் சொல்லும் தகவல் எல்லாம் எச்சரிக்கை. விமான நிலையத்தில் காற்றுமானிகளும் டாப்ளர் ரேடாரும் வந்தன. விமானத்தின் மூக்கில் உள்ள ரேடாரே முன்கூட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கும். மீறி மாட்டிக்கொண்டால் இறங்குவதை அப்படியே விட்டுட்டு, இன்ஜினுக்கு முழு சக்தி கொடுத்து, மூக்கைத் தூக்கி ஏற வேண்டும். அப்போது சக்கரத்தையோ, இறக்கையில் நீட்டிய ஃப்ளாப்பையோ தொடக்கூடாது. சக்கரத்தை மடக்கினால் லேசாகுமே என்று நமக்குத் தோணும். ஆனா சக்கரக் கதவு திறக்கும்போது காற்றின் இழுப்பு கூடிவிடுமாம்.

அமெரிக்காவில் இந்தக் காற்றால் பெரிய பயணிகள் விமானம் விழுந்தது 1994இல் சார்லட் நகரில். 37 பேர் இறந்தார்கள். அதுதான் அங்கே கடைசி. ஃபுஜிடா 1998 நவம்பர் 19 அன்று சிகாகோவில் காலமானார்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். டொர்னாடோ மனிதர் என்று பேர் வாங்கியவர், ஒரு டொர்னாடோவைத் தன் கண்ணால் முதல் முறை பார்த்தது 1982 ஜூனில், டென்வர் பக்கத்தில். அப்போ அவருக்கு வயது 61.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு